வெள்ளை நெற்றி ஆடுகள்

அந்தக் குட்டியின் வாய்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பிறந்து சிறிது நேரமே ஆகியிருந்தது. அடர்ந்த சிவப்பு நிறம். கால்கள் நான்கும் திடமாக இருந்தன, கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. ஆனால் கீழ்த்தாடை மட்டும் மேல்தாடைக்கு ஒரு விரற்கடை பின்னாலேயே நின்றுவிட்டது. தாயின் மடியில் அதன் முகத்தை வைத்து அழுத்தினால் காம்பு வாய்க்குள் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அண்ணி பட்டித் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, குட்டியைத் தொடைமேல் கிடத்தி, கறந்த பாலைப் பஞ்சில் தோய்த்து அதன் நாக்கில் பிழிந்துகொண்டிருந்தாள். பாதிக்குமேல் வெளியேதான் வழிந்தது. பக்கத்து நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் குட்டியின் உடம்பு நடுங்கி அடங்கியது. மத்தியானத்துக்குள் அது போய்விட்டது. அண்ணி அழவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் நின்று, "பாப்பா, இது நோவு இல்ல. வேற இன்னாவோ கீது" என்றாள்.

அண்ணி என்னைவிட வயதில் இளையவள். அண்ணன் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவதால், கல்யாணமாகி வந்த நாள்முதல் அவளும் அப்படியே கூப்பிட்டாள். நானும் மறுப்புச் சொல்லவில்லை. நாங்கள் சென்னீர்குப்பத்துப் பழைய குடும்பம். நிலமெல்லாம் சாலைக்கும் மனைகளுக்கும் போன பிறகு அப்பாவின் செம்மறி மந்தை மட்டும் மிஞ்சியது. அண்ணன் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியை மூடியபோது அந்த மந்தையே வீட்டின் பிழைப்பாயிற்று. நான் அம்பத்தூரில் வாழ்க்கைப்பட்டு, அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குப் போய்வருவேன். அண்ணன் நடக்கப் பழகிய காலத்திலிருந்து ஆட்டோடு இருந்தவன். அண்ணியோ மாங்காட்டில் தையல் கடை வைத்திருந்தவள், கல்யாணத்துக்கு முன் ஆட்டைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் மந்தை மெல்ல மெல்ல அவள் கைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையிலும், கல் நட்டுக் காலியாகக் கிடக்கும் பிளாட்டுகளிலும், பாலத்துக்கு அடியிலும், நைட்டிமேல் அண்ணனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு அவள் ஆடு ஓட்டிப் போவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவர்களுக்குக் கையசைத்துவிட்டுப் போவாள்.

எங்கள் பக்கத்து ஆடுகளை மெட்ராஸ் சிவப்பு என்பார்கள். கம்பளி கிடையாது, குட்டை முடிதான். வெயிலில் அலைந்தாலும் ஏரிச் சேற்றில் நின்றாலும் தாங்கும். பேர்தான் சிவப்பே தவிர, அப்பா காலத்து மந்தையில் வெல்ல நிறம், தேன் நிறம், புளியங்கொட்டை நிறம் எல்லாம் கலந்திருந்தன. சிலவற்றுக்கு நெற்றியில் விபூதி இட்டதுபோல் வெள்ளை விழுந்திருக்கும். பிறகு ராஜா வந்தான். அண்ணன் திருவள்ளூர்ப் பக்கமிருந்து வாங்கிவந்த கடா அவன். கொட்டைப்பாக்கு நிறம், தேடினாலும் ஒரு வெள்ளை முடி அகப்படாது, காதைச் சுற்றி முறுக்கிக்கொண்டு வளர்ந்த கொம்பு. அவன் பட்டியைவிட்டு வெளியே வந்தால் பைக்கில் போகிறவர்கள்கூட நிறுத்திப் பார்ப்பார்கள். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் மந்தை வைத்திருந்தவர்கள் எல்லாம் அவனுடைய கடாக்குட்டியைக் கேட்டு வாங்கிப் போனார்கள். பக்ரீத் சமயத்தில் முழுச் சிவப்புக்குத்தான் கிராக்கி என்று தரகர் சொல்லிவிட்டதால், வெள்ளை விழுந்த குட்டியை யாருமே பட்டியில் நிறுத்தவில்லை. இப்படியே ராஜாவின் மகன்களும் பேரன்களும் அவனுடைய மகள்களோடும் பேத்திகளோடும் சேர்ந்து, எல்லா மந்தையும் ஒரே மாதிரி ஆயின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அண்ணன் பெருமைப்பட்டான், நாங்கள் எல்லோருமே பெருமைப்பட்டோம். அதற்கப்புறம் சினை நிற்காமல் போவதும், குட்டி செத்துப் பிறப்பதும், வாய் கூடாமல் பிறப்பதும் ஆரம்பித்தன.

கால்நடை மருந்தகத்து டாக்டரம்மாவை அண்ணி நேரே பட்டிக்கே அழைத்து வந்தாள். அவர் ஒவ்வோர் ஆடாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது கிருமியால் வந்ததில்லை என்றார். எந்த உயிருக்குள்ளும் சில குறைகள் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். தாயும் தகப்பனும் வேறு வேறு வழியில் வந்திருந்தால் ஒருவர் குறையை மற்றவர் மறைத்துவிடுவார். இரண்டு பேரும் ஒரே கடாவின் வாரிசு என்றால் இரண்டு பக்கமும் அதே குறை சேர்ந்து குட்டியில் வெளியே வந்துவிடும். கடாவை மாற்ற வேண்டும், ஆனால் இந்த வட்டாரத்தில் யாரிடம் வாங்கினாலும் அது ராஜாவின் உறவாகத்தான் இருக்கும் என்றார். வெளியூரிலிருந்து வேறு இனத்துப் பெரிய கடாவைக் கொண்டுவருவது ஒரு வழி. குட்டி எடை கூடும், ஆனால் நம் மழைக்கும் சேற்றுக்கும் எப்படி நிற்கும் என்று சொல்ல முடியாது. இதே இனத்தில் ராஜாவோடு ஒட்டுறவில்லாத மந்தை எங்காவது மிச்சமிருந்தால் அதைத் தேடிப் பிடிப்பது இன்னொரு வழி. "இருக்குமான்னு எனக்கே தெரியலம்மா. இருந்தா அதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணனுக்கு இரண்டு வழியிலும் நம்பிக்கை இல்லை. ஒரு கம்பெனி மூடியதை வாசலில் நின்று பார்த்தவன் அவன். இதையும் யாரோ வந்து மூடுவதற்குமுன் தானே மூடிவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ, வரும் பக்ரீத்துக்கு மந்தையை மொத்தமாக ஓட்டிக்கொண்டு போகும்படி தரகரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னான். அண்ணி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பக்ரீத்துக்கு இன்னும் நாள் கீது. அதுக்குள்ள நான் ஒரு கெடாவ கண்டுபுடிச்சிக்கினு வந்துட்டா, ஒரு ஈத்து குட்டி பாக்க உடணும்."

அண்ணன் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனான். அவன் மறுக்காததையே சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்கூட்டியில் கழிந்தன. அண்ணி பின்னால் உட்கார்ந்துகொள்வாள். மாங்காடு, கள்ளிக்குப்பம், ஆவடிக்கு அப்பால் உள்ள ஏரிக்கரைகள் என்று ஆட்டுப் புழுக்கை கண்ணில் பட்ட இடத்தில் எல்லாம் வண்டியை நிறுத்தினோம். போகிற இடத்தில் எல்லாம் தங்கள் கடாவை ஆசையோடு கொண்டுவந்து காட்டுவார்கள். அண்ணி குந்தி உட்கார்ந்து கொம்பின் முறுக்கையும் நிறத்தையும் பார்ப்பாள், எங்கே வாங்கியது என்று விசாரிப்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இவனும் ராஜாவோட பேரன்தான் பாப்பா" என்று மெதுவாகச் சொல்வாள். சில இடத்தில் அவர்களுக்குக் கோபம்கூட வந்தது. கள்ளிக்குப்பத்தில் ஒருவர், ஊரே ஆசைப்படுகிற கடாவை வீட்டில் வைத்துக்கொண்டு கழித்துக் கட்டினதைத் தேடி அலைகிற பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தெருவே கேட்கச் சொன்னார். திரும்பி வரும்போது வானகரம் சிக்னலில் வண்டி நின்றது. அண்ணி என் தோளில் கையை வைத்து, "யாரும் தப்பா செய்யல பாப்பா. எல்லாரும் நல்லதுன்னுதான் செஞ்சாங்க. அதான் எல்லாருக்கும் ஒண்ணா அடி" என்றாள். அவள் குரலில் அன்று முதன்முதலாக அலுப்பைக் கேட்டேன்.

கடைசியில் கண்டுபிடித்தது நான்தான். இன்றும் இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. எங்கள் கம்பெனிக்குப் பின் தெருவில் வெகுகாலமாக மூடிக் கிடந்த ஒரு வார்ப்படத் தொழிற்சாலை உண்டு. தினமும் கடந்துபோகிற மதில்தான். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிழலுக்காக அந்தப் பக்கம் நடந்தபோது உள்ளே ஆடு கத்தும் சத்தம் கேட்டது. கேட்டின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். இடுப்பளவு புல், துருப்பிடித்த கிரேன், அதன் கீழே செம்மறிகள். தேன் நிறத்தில் இரண்டு மூன்று, வெல்ல நிறத்தில் சில, அவற்றின் நடுவே நெற்றியிலும் வயிற்றிலும் வெள்ளை விழுந்த ஒரு கடா தலையைத் தூக்கி என்னையே பார்த்தது. அப்பா மந்தையில் சின்ன வயதில் பார்த்த முகம். நான் அங்கேயே நின்று அண்ணிக்குப் போன் செய்தேன். ஆட்டை அப்படியே விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ மாறி மாறி வந்து சேர்ந்தாள்.

அந்த ஆடுகள் தொழிற்சாலை வாட்ச்மேனுடையவை. ஊத்துக்கோட்டைக்கு அப்பால் இருந்து வந்தவர். கம்பெனியை மூடியபோது காவலுக்கு மட்டும் அவரை நிறுத்தினார்கள். புல் மண்டிப் பாம்பு வருகிறதே என்று ஊரிலிருந்து சில பெட்டை ஆடுகளையும் ஒரு கடாவையும் கொண்டுவந்து உள்ளே விட்டிருக்கிறார். களவு போய்விடும் என்று பயந்து ஒருநாளும் வெளியே ஓட்டியதில்லை. உள்ளேயே பிறந்து உள்ளேயே வளர்ந்த, ராஜாவின் வழி கலக்காத மந்தை அது. கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"கறிக்கடையா?"

"இல்லண்ணே. எனக்குக் கெடா வோணும். உசுரோட."

அவர் கேட்டைத் திறக்கவில்லை. ஆனால் பேச ஆரம்பித்தார். இந்த இடத்தைக் குடியிருப்பு கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள், கொஞ்ச நாளில் காலி செய்ய வேண்டும். ஆடுகளைத் தரகரிடம் காட்டினார், வெள்ளை நெற்றி என்பதால் கறிக்குத்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார். அவர் மந்தையிலும் இப்போதெல்லாம் சினை சரியாக நிற்பதில்லை, பிறக்கிற குட்டியும் பூனைக்குட்டி மாதிரி இருக்கிறது. அண்ணி அதைக் கேட்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக் குட்டிகளின் கதையை முழுக்கச் சொன்னாள். இரண்டு மந்தைக்கும் ஒரே கஷ்டம், ஆனால் அது வந்த வழி வேறு, இது வந்த வழி வேறு, அதனால் ஒன்றுக்கு ஒன்று மருந்தாகலாம் என்று டாக்டரம்மா சொன்னதைத் தன் பாஷையில் சொன்னாள். பிறகு, ஆடுகளைத் தன்னிடம் வாரத்துக்கு விடும்படி கேட்டாள். வாரம் என்றால் ஆடு அவருடையது, மேய்ப்பது இவள், பிறக்கும் குட்டியில் ஆளுக்குப் பாதி.

"குட்டியே பொறக்கலன்னா?" என்றார் அவர்.

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணா தோத்துட்டுப் போவோம். தனித்தனியா தோக்கறதுக்கு அது மேல் இல்லையாண்ணே?"

அவர் ஆடுகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

ஆடுகளை ஏற்ற ஒரு விடியற்காலையில் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியோடு போனோம். இடத்தை வாங்கியவர்கள் உள்ளே மண்ணைத் தோண்டிப் போட்டிருந்ததால் வண்டியைத் தெருவில்தான் நிறுத்த முடிந்தது. கேட்டை அகலத் திறந்தோம். ஆடுகள் கேட்டு வரைக்கும் வந்து அப்படியே நின்றுவிட்டன. கேட்டு உருளும் இரும்புத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உலகம் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. அதட்டினோம், தழை காட்டினோம், வாட்ச்மேன் கெஞ்சினார்; ஒன்றும் காலை எடுத்து வைக்கவில்லை. டிரைவர் பொறுமையிழந்து ஹாரன் அடித்ததில் எல்லாம் திரும்பிப் புல்லுக்குள் ஓடின. அண்ணி உள்ளே போய் ஒரே ஒரு சின்னக் குட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டாள். குட்டி கத்த, தாய் அவளைத் தொடர்ந்து வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் தண்டவாளத்தைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். தாய் ஒரு கணம் தயங்கித் துள்ளித் தாண்டியது. அதன்பின் மற்றவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வெளியே கொட்டின. கடைசியாக வந்தவர் வாட்ச்மேன். கேட்டைப் பூட்டிவிட்டு, வண்டியில் ஆடுகளோடு ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் பட்டி வாசலில் நின்றிருந்தான். வண்டியிலிருந்து இறங்கிய ஆடுகளைப் பார்த்து அவன் முகம் சுருங்கியது. கறிக்குப் போகிற ஆட்டை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறாயே என்று கேட்டான். ராஜாவைக் கழிக்கப் போகிறாள் என்ற பயமும் அவன் குரலில் இருந்தது. அண்ணி வெள்ளை நெற்றிக் கடாவைக் கயிற்றில் பிடித்து எங்கள் பெட்டை ஆடுகள் பக்கம் விட்டாள். பிறகு ராஜாவின் கயிற்றை எடுத்து அண்ணன் கையிலேயே கொடுத்து, வாட்ச்மேன் ஆடுகளைக் காட்டினாள். "இவன் மேல குத்தம் இல்ல. இவனுக்கு இங்க சொந்தத்த தவிர யாருமில்ல, அதான் பேஜாரு. இத்தினி பேர் வெளிய இருந்து வந்துகீறாங்க. நானே வெளிய இருந்து வந்தவதான? இட்டுக்கினு போ" என்றாள். அண்ணன் சிரித்துவிட்டான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அன்று சாயங்காலமே தரகர் வீட்டுக்குப் போய் வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தான்.

சினை நின்றது. நிற்காது என்று விட்ட ஆடுகள்கூட வயிறு இறங்கி நடந்தன. ஆனால் ஈனும் பருவமும் வடகிழக்கு மழையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஏரி நிரம்பி, எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, பட்டிக்குள் முழங்கால் அளவு நின்றது. நிறைசினை ஆடுகளை எங்கே கொண்டுபோவது? பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு உண்டு. ஆட்டு நாற்றம் வருகிறது என்று எத்தனையோ முறை சண்டைக்கு வந்தவர்கள் அவர்கள். வேறு போக்கிடமில்லாமல் அண்ணி மழையில் நனைந்துகொண்டே அதன் வாசலில் போய் நின்றாள். குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் ஒரு திருநெல்வேலிப் பெண், ஐடி கம்பெனியில் வேலை. குடையோடு வந்தவர் ஆடுகளின் வயிற்றைப் பார்த்தார். "கொண்டாங்க எல்லாத்தையும். காரெல்லாம் பாலத்து மேலதான நிக்கி, கீழ காலியாத்தான் கெடக்கு" என்றார். வெள்ளத்துக்குப் பயந்து எல்லோரும் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியிருந்த நாள் அது.

அந்த மேடான கார் நிறுத்துமிடத்தில்தான் எங்கள் குட்டிகள் பிறந்தன. நானும் மழையில் சிக்கி அங்கேயே தங்கிவிட்டிருந்தேன். காலை வெளிச்சத்தில் முதல் ஆடு ஈன்றது. குட்டி விழுந்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தோம். அண்ணி அதன் மூக்கைத் துடைத்துவிட்டு, விரலை வாய்க்குள் விட்டுத் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவிப் பார்த்தாள். "வாய் கூடிகீது பாப்பா" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் குட்டி முன்னங்கால் வழுக்கி விழுந்து, மறுபடி எழுந்து, தானாகவே மடியைத் தேடிப் போய் முட்டியது. வால் ஆடத் தொடங்கியதும் மாடிப்படியில் நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள். அடுத்தடுத்த நாட்களில் தேன் நிறம், வெல்ல நிறம், வெள்ளை நெற்றி, அப்பழுக்கில்லாத சிவப்பு என்று தூணுக்குத் தூண் குட்டிகள். மேல் வீடுகளிலிருந்து பழைய போர்வைகளும், ஆடுகளுக்குக் காய்கறித் தோலும், எங்களுக்குச் சாப்பாடும் வந்தன. தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்த வாட்ச்மேன் ஒவ்வொரு குட்டியின் அருகிலும் போய்க் குந்திப் பார்த்துவிட்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அண்ணன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அண்ணி முதல் நாள் பிறந்த குட்டியைத் தூக்கிக் கொண்டுபோய் இருவருக்கும் நடுவில் விட்டாள்.

அந்த மழையில் சுற்றுவட்டார மந்தைகளில் பலரும் குட்டிகளை இழந்தார்கள். எங்கள் குட்டிகள் ஈரத்தில் நின்றும் தேறிவிட்டன. தண்ணீர் வடிந்தபின் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். தெரு கேட்கப் பேசிய கள்ளிக்குப்பத்துக்காரர் முதல் ஆளாக வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அண்ணி அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். கடா தருகிறேன், ஆனால் உங்கள் பட்டியில் விற்கப்போகிற நிறம் மாறின குட்டிகளை நிறுத்தி வையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். இப்படித்தான் ஒவ்வொரு மந்தையிலும் ஒதுங்கிக் கிடந்த ஒன்றிரண்டு பழைய முகங்கள் வெளியே வந்தன. டாக்டரம்மா எல்லா மந்தையிலும் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று அவரே ஸ்கூட்டரில் வந்தார். ஒரே இனத்துக்குள் எத்தனை வகை இருக்கலாமோ அதில் பெரும்பங்கு இந்த ஒரு பட்டியில் இருக்கிறது என்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பலத்தை வெளியே தேட வேண்டியிருக்கவில்லை, அது இந்த ஆட்டுக்குள்ளேயே இருந்தது என்றார். அண்ணி வெட்கப்பட்டு, "அப்போ வேற இனக் கெடா வேணாமில்ல டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

இப்போது அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் வானத்தை மறைக்கும் குடியிருப்புகள் நிற்கின்றன. வாட்ச்மேன் தன் பங்குக் குட்டிகளோடு ஆவடியில் மகள் வீட்டுப் பக்கம் போய்த் தனி மந்தை வைத்திருக்கிறார். பொங்கல் முடிந்ததும் ஒருநாள் காலை எல்லா மந்தைக்காரர்களும் ஏரிக்கரையில் கூடுவார்கள். தன் பட்டியில் பிறந்த கடாவை யாரும் தன் பட்டியிலேயே வைத்துக்கொள்வதில்லை, இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். யாருக்கு எது என்று சொல்வது அண்ணி. இந்த வருடம் காஞ்சிபுரம் பக்கமிருந்து ஒருவர் பெரிய காரில் வந்தார். அண்ணியின் பேர் அவர் ஊர் வரைக்கும் போயிருக்கிறது. ஒரே தகப்பனுக்குப் பிறந்த வெள்ளை நெற்றிக் கடாக்களாகப் பார்த்து, தனக்கும் தன் ஊரில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து மொத்தமாக வேண்டும் என்றார். என்ன கேட்டாலும் தருவதாகச் சொன்னார். அண்ணன் அண்ணியைப் பார்த்தான்.

"ஒண்ணு தரேன். மீதிய அந்தாண்ட, இந்தாண்ட, ஆவடி அண்ணன்கிட்ட, கள்ளிக்குப்பத்துக்காரர்கிட்ட, தனித்தனியா வாங்கிக்கினு போங்க. ஒருத்தனையே ஊரு பூரா உட்டு நாங்க பட்டது போதும்" என்றாள் அண்ணி.

அவர் முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. ஆனாலும் பட்டி பட்டியாகப் போய்க் குனிந்து பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் ஒன்றாகப் பொறுக்கினார். அவர் ஏற்றிக்கொண்டு போன வண்டியில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. வெயில் ஏறியதும் கூட்டம் கலைந்தது. ஒரு மந்தை மாங்காட்டுப் பக்கம் திரும்பியது, ஒன்று பாலத்துக்கு அடியில் நுழைந்தது, வாட்ச்மேனின் மந்தை ஆவடிச் சாலையைப் பார்த்து நடந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் புதிய கடா. சர்வீஸ் ரோட்டில் பேருந்துகளும் ஐடி கம்பெனி வேன்களும் நின்று வழிவிட்டன. நடுச்சாலையில் நின்று இரண்டு கைகளையும் விரித்து அவற்றை நிறுத்தி வைத்திருந்தவள் என் அண்ணி. கடைசி ஆடு தாண்டும் வரைக்கும் அவள் கையை இறக்கவே இல்லை.